பிறந்தவனுக்கு இல்லாத சலுகை

கரீபியன் தீவுகளில் போய்க் குடியேறுவதன் சாதக பாதகங்களைப் பட்டியல் போட்டுக் கொடுப்பது இப்போது ஒரு தொழிலாகவே நடந்து வருகிறது. ஒரு பக்கம் சாதகம்: வருஷம் முழுவதும் வெயில், ஓயாமல் வீசும் கீழ்க்காற்று, நீலக் கடல், வெள்ளை மணல், பல தீவுகளில் இங்கிலீஷ் பேசும் ஜனங்கள், சில தீவுகளில் வருமான வரியே கிடையாது. மறு பக்கம் பாதகம்: சாமான்கள் யானை விலை, புயல் வரும், மின்சாரம் போகும், பெரிய வியாதி என்றால் விமானம் ஏறி மயாமிக்கு ஓட வேண்டும், தச்சனோ குழாய் ரிப்பேர்க்காரனோ சொன்ன நாளில் வர மாட்டான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் சாதகமே ஜெயிக்கும். ஜெயிக்காவிட்டால் பட்டியல் போட்டவருக்குத் தரகு எங்கிருந்து வரும்?

பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வழி நெடுக அலசுவார்கள் அல்லவா, நிறம் மட்டு, மூக்குப் பரவாயில்லை, சீர் எவ்வளவு செய்வார்களோ என்று? அந்த ஜாதியைச் சேர்ந்த பட்டியல் இது. பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

பட்டியலில் பொய் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு வரியும் வாஸ்தவம்தான். ஆனால் அந்த வரிகளைச் சற்றே கீறிப் பார்க்க வேண்டும். கேமன் தீவுகளில் வருமான வரி கிடையாது. வருமானத்துக்கு வரி வாங்காத சர்க்கார் எதற்காவது வாங்கத்தானே வேண்டும்? துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கம் வாங்குகிறது. பொதுவான விகிதம் நூற்றுக்கு இருபத்திரண்டு. கோடீசுவரர் ஒருவரும், அவர் வீட்டில் துணி துவைக்கிற பெண்ணும் ஒரே கடையில் ஒரே மின்சார விசிறியை வாங்கினால் இருவர் தலையிலும் ஒரே சுங்கம். ‘வருமான வரி இல்லை’ என்று சாதகப் பக்கத்திலும், ‘சாமான் விலை அதிகம்’ என்று பாதகப் பக்கத்திலும் இருப்பவை இரண்டு சங்கதிகளே இல்லை. ஒரே சங்கதிதான். முன்பாதி கோடீசுவரருக்கு, பின்பாதி துணி துவைக்கிறவளுக்கு.

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். அவர் பிள்ளை ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். அந்த வேலையை உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் செய்யலாமாம். இப்படிப்பட்டவர்களுக்கென்றே பார்படோஸ் தீவு 2020இல் ஒரு வருஷ அனுமதி ஒன்றை ஏற்படுத்தியது. வருஷத்துக்கு 50,000 டாலர் வருமானம் காட்டி, கட்டணத்தையும் கட்ட வேண்டும். பையன் கிளம்பத் துடிக்கிறான். ‘நாலும் தெரிந்த தாங்கள் ஒரு யோசனை சொல்ல வேண்டும்’ என்று கேட்டிருந்தார். நாலும் தெரிந்தவரை நானும் வெகு நாளாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அது கிடக்கட்டும். கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னை உறுத்தியது: ‘அங்கே என்னென்ன கிடைக்கும், என்னென்ன கிடைக்காது என்பதை நன்றாக விசாரித்துவிட்டோம்.’ கிடைக்கும், கிடைக்காது என்ற இரண்டு வார்த்தைகளில் ஒரு தேசத்தை முடித்துவிட்டார் மனுஷர்! ஓட்டல் வாசலில் தொங்கும் பலகைக்குக்கூட இதைவிட அதிக விவரம் வேண்டியிருக்கும்.

‘நம்மவர்கள் வெளிநாடு போகவில்லையா? பிறர் போனால் மட்டும் உமக்கு என்ன எரிச்சல்?’ என்று கேட்பீர்கள். நம் பேச்சில் ‘பிழைக்கப் போயிருக்கிறான்’ என்று ஒரு பிரயோகம் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவனை அப்படித்தான் சொன்னோம். இன்று துபாய்க்குப் போகிறவனையும் அப்படித்தான் சொல்கிறோம். போன இடத்தில் அந்த ஊர்ச் சட்டத்துக்குத் தலை வணங்கி, அந்த ஊர்க்காரன் செய்யத் தயங்கும் வேலையையும் செய்து, நாலு காசு அனுப்புகிறவன் அவன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல மாட்டேன். அனுபவிக்கப் போகிறவன் வேறு. அவன் ஊர்ச் சட்டத்துக்கு வளைவதில்லை. ஊர்ச் சட்டம் அவனுக்காக வளைகிறது.

வளைந்த கதையைப் பார்க்க வேண்டுமானால் போர்ட்டோரிக்கோவுக்குப் போக வேண்டும். 1898 முதல் அமெரிக்காவின் வசத்தில் இருக்கும் தீவு. அங்கே பிறந்தவர்கள் 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் தீவில் வசிக்கிற வரையில் ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. இந்தத் தீவின் சர்க்கார் 2012இல் 22ஆம் எண் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறுகிற பணக்காரர், வந்த பிறகு பங்குகளிலும் பத்திரங்களிலும் சம்பாதிக்கும் லாபத்துக்குத் தீவின் வரி இல்லை என்றது சட்டம். 2019இல் இதையே 60ஆம் எண் சட்டத்துக்குள் சேர்த்து வைத்தார்கள். நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் தீவில் தங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் ஒரு வீடு வாங்க வேண்டும். தர்ம ஸ்தாபனங்களுக்கு வருஷந்தோறும் 10,000 டாலர் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு நிபந்தனை: விண்ணப்பிக்கிறவர் அதற்கு முந்திய பல வருஷங்களில் போர்ட்டோரிக்கோவில் வசித்திருக்கவே கூடாது!

தயவுசெய்து அந்தக் கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஸான் ஹுவான் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்குகிறார். லாபம் வந்தால் வரி கட்டுகிறார். மாடி வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கியவருக்கு ஆயிரம் மடங்கு லாபம் வருகிறது. அவருக்கு வரி இல்லை. வாத்தியார் செய்த குற்றம் என்ன? ஊரை விட்டு ஓடாமல் அங்கேயே இருந்ததுதான். சாதகப் பட்டியலில் முதல் வரியாக எழுத வேண்டியது வெயிலும் மணலும் அல்ல, ஸ்வாமி! ‘தாங்கள் இந்த ஊர்க்காரராக இல்லாதிருப்பதே பெரிய சாதகம்’ என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

வீடு வாங்கியே தீர வேண்டும் என்ற நிபந்தனையையும் கவனியுங்கள். வரிச் சலுகைக்காக வீடு வாங்கியாக வேண்டியவனும், பிள்ளை குட்டிகளின் தலைக்கு மேல் கூரை வேண்டுமென்று வாங்குகிறவனும் ஒரே சந்தையில் நின்றால் வீடு யாருக்குப் போகும்? 2010இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் போர்ட்டோரிக்கோவில் 37 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020இல் 33 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இத்தனை பேர் போனதற்கு இந்த ஒரு சட்டமே காரணம் என்று சொன்னால் அது அநியாயம். தீவின் சர்க்கார் கடனில் மூழ்கியது, வேலைகள் போயின, 2017இல் பெரும் புயல் அடித்தது. ஆனால், சொந்த ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கோலம் போட்டு வேறொருவனை அழைத்த சட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

பேட் பன்னி என்ற போர்ட்டோரிக்கப் பாடகரின் பாட்டு என் காதுக்குக் கொஞ்சம் உரத்ததுதான். வயசு அப்படி. ஆனால் 2022இல் மின்வெட்டைப் பற்றி அவர் பாடிய ஒரு பாட்டின் திரைப்படத்தோடு, பியாங்கா கிராவ்லாவ் என்ற பெண் நிருபர் எடுத்த செய்திப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களை வெளியேற்றும் கதையும், கடற்கரை கைமாறும் கதையும் அதில் வருகின்றன. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘இங்கே ஜனங்கள் வசிக்கிறார்கள்.’ ஒரு தேசம் தன்னைப் பற்றி இதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

‘புயல் எல்லாருக்கும் பொதுதானே?’ என்று ஒருவர் குறுக்கே கேட்கக் கூடும். காற்றுப் பொதுதான். காற்று நின்ற பிறகு நடப்பது பொதுவல்ல. 2017 செப்டம்பர் 20ஆம் தேதி மரியா என்ற புயல் போர்ட்டோரிக்கோவைத் தாக்கியது. செத்தவர்கள் 64 பேர் என்று முதலில் சர்க்கார் கணக்குச் சொன்னது. மறு வருஷம் 2,975 என்று ஒப்புக்கொண்டது. புயல் போன பிறகு, மின்சாரமும் மருந்தும் வைத்தியரும் இல்லாத நாட்களில் செத்தவர்களை முதல் கணக்கில் சேர்க்கவில்லை. தீவு முழுவதும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. அனுபவிக்க வந்தவருக்கு வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருக்கும். கையில் விமான டிக்கெட் இருக்கும். 2024 ஜூலையில் பெரில் புயலும், 2025 அக்டோபர் 28ஆம் தேதி மெலிஸ்ஸா புயலும் வந்தபோது, கரியாக்கூவிலும் ஜமெய்க்காவிலும் கூரை போன வீட்டில் நின்றவனுக்கு டிக்கெட் எங்கே?

புயலே சிலருக்குச் சாதகமாகிவிடுவதும் உண்டு. பார்புடா என்ற சின்னத் தீவின் கதை அப்படி. ஆன்டிகுவாவோடு சேர்ந்து ஒரே தேசம். அடிமை முறை ஒழிந்த நாளிலிருந்து அங்கே நிலத்தைப் பொதுவில் வைத்துத்தான் ஜனங்கள் அனுபவித்து வந்தார்கள். பார்புடாக்காரர் ஒருவருக்கு வீடு கட்ட, பயிர் செய்ய, ஆடு மாடு மேய்க்க இடம் உண்டு. ஆனால் அதை விற்க முடியாது, வாங்கவும் முடியாது. 2007இல் இந்த வழக்கத்தைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். தரகர்களுக்கு இப்படிப்பட்ட ஊர் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. 2015இல் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நிரோவும் கூட்டாளிகளும் அங்கே கட்ட நினைத்த உல்லாச விடுதிக்கென்று தனிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. திட்டத்தின் பெயருக்கு அர்த்தம், ‘சொர்க்கம் அகப்பட்டுவிட்டது’. அகப்பட்டது சரி, யாரிடமிருந்து அகப்பட்டது?

2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயல் பார்புடாவைத் துவம்சம் செய்தது. அடுத்த புயல் ஒன்று நெருங்கவே, தீவில் இருந்த அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்கு ஏற்றிச் சென்றார்கள். ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல். முன்னூறு வருஷங்களில் முதல் தடவையாகத் தீவில் ஒரு மனிதப் பிராணி இல்லை. ஜனங்கள் வேற்றிடத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், தீவில் புதிய விமான நிலையத்துக்காகப் புல்டோசர்கள் காட்டை அழித்துக்கொண்டிருந்தன. சில மாதங்களுக்குள் நிலச் சட்டத்தைத் திருத்தி, தனிச் சொத்தாக விற்கலாம் என்று ஆக்கினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயிற்று. 2022இல் தீர்ப்பு பார்புடாக்காரர்களுக்கு எதிராகவே வந்தது. சொந்தமில்லாத பொது நிலத்தைச் சொத்து என்று உரிமை கொண்டாட முடியாதாம்.

கடற்கரை விஷயத்தில் எல்லாத் தீவும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்படோஸில் கடற்கரை முழுவதும் பொது. எந்தப் பிரமாதமான ஓட்டலுக்கு முன்னாலும் ஊர்க்காரன் துண்டை விரித்துப் படுக்கலாம். ஜமெய்க்காவில், இங்கிலீஷ்காரன் இருந்தபோது 1956இல் போட்ட சட்டம், கடல் நீர் தொடும் மணலை முடியரசின் சொத்தாக்கியது. குளிப்பதற்கும் நடப்பதற்கும் பொது ஜனங்களுக்குப் பொதுவான உரிமை எதுவும் கொடுக்கவில்லை. ஓட்டல்கள் மதில் எழுப்பின. வருகிறவன் ஒரே தொகையாகப் பணம் கட்டிவிட்டு, மதிலுக்குள்ளேயே தின்று, குடித்து, தூங்கி, ஜமெய்க்காவைப் பார்க்காமலே ஜமெய்க்காவிலிருந்து திரும்பலாம். மதிலுக்கு வெளியே மீன் பிடிக்கிறவன் கடலுக்குப் போக வழி கேட்டு மனுப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே, அந்த வாசகரின் பிள்ளை பார்படோஸுக்கு ஒரு வருஷம் போய்விட்டு வருவதில் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் எழுதினேன். கூடவே, ‘வாடகைக்கு வீடு பார்க்கும்போது, போன வருஷம் அதில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள்’ என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், இந்தத் தீவுகளின் சாதகத்தை முதன்முதலில் எழுதிய தரகர் கொலம்பஸ்தான். 1493இல் அவர் எழுதிய கடிதத்தில் மரம், மலை, துறைமுகம், தங்கம் எல்லாம் இருக்கின்றன. ஜனங்கள் சாதுக்கள், ஆயுதம் அறியாதவர்கள் என்பதும் சாதகமாகவே வருகிறது. அந்தச் சாதுக்கள் என்ன ஆனார்கள் என்பது உலகறிந்த சங்கதி. இன்று டொமினிக்காத் தீவில் கலினாகோ மக்களுக்கென்று 1903இல் ஒதுக்கிய 3,700 ஏக்கர் நிலம் இருக்கிறது. பூர்வ குடிகளுக்கு இந்தத் தீவுகளில் அப்படி மிஞ்சிய இடம் அதைவிட்டால் வெகு சொற்பம். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்கள். அடிமை முறை ஒழிந்ததும் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள்.

கரும்புத் தோட்டம் என்றால் நமக்குப் பாரதியார் பாடிய பிஜித் தீவுதான் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் அவ்வளவாக வராது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் 1853இல் மார்த்தினிக்கிலும், 1854இல் குவாதலூப்பிலும் இறங்கினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர். தமிழ் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது, மாரியம்மன் மறையவில்லை. பொருள் தெரியாமலே பரம்பரையாகத் தமிழ்ப் பாட்டைப் பாடிப் பூசை செய்கிறவர்கள் அங்கே உண்டு.

இவர்களுடைய பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தார்கள்; அந்த மண்ணிலேயே கரும்பு வெட்டினார்கள். ஆனால் பிரெஞ்சுப் பிரஜைகள் இல்லை, ஓட்டு இல்லை என்றது சர்க்கார். ஹென்றி சிதம்பரம் என்று ஒருவர். பிரெஞ்சு எழுத்தில் ‘சிதாம்பரோம்’ என்று ஆகிவிட்ட பெயர். 1863இல் குவாதலூப்பில் பிறந்தவர். 1904இல் இந்த உரிமைக்காக வழக்குக்குப் புறப்பட்டார். சளைக்காமல் நடத்தினார். 1923இல்தான் உரிமை கிடைத்தது. முதல் கப்பல் வந்து அறுபத்தொன்பது வருஷம். வழக்குத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம். நம் ஊர்ப் பெயரைச் சுமந்த அந்த மனுஷனுக்கு நம் ஊரில் ஒரு சந்துக்காவது பெயர் வைத்திருக்கிறோமா?

இப்போது அக்கம்பக்கத்துத் தீவுகளைப் பாருங்கள். வேறு கொடி, வேறு சட்டம், ஆனால் அதே கடல். ஸெயின்ட் கிட்ஸ் 1984இல் ஆரம்பித்தது. டொமினிக்கா, ஆன்டிகுவா, கிரெனடா, ஸெயின்ட் லூஸியா எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டன. பணம் கட்டினால் சில மாதங்களில் பிரஜை. விலை போட்டியில் சரிந்துகொண்டே போகவே, 2024இல் 2,00,000 டாலருக்குக் குறைத்து விற்பதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் நாட்டுச் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புவதில்லை. இதை வாங்குகிற இந்தியர் பாரதப் பிரஜையாக இருப்பதை விட்டுவிட்டுத்தான் வாங்குகிறார். அப்படியும் வாங்குகிறார்கள். 2018இல் வங்கி மோசடி வழக்கில் நம் போலீஸ் தேடிய வைர வியாபாரி ஒருவர், முந்திய வருஷமே ஆன்டிகுவாப் பிரஜையாகிவிட்டிருந்தார். கரும்பு வெட்டியவனுக்கு அறுபத்தொன்பது வருஷம் பிடித்தது செக்கு எழுதினவனுக்குச் சில மாதங்களில் கைகூடுகிறது.

‘அந்தத் தீவு சர்க்கார்களே கூவிக் கூவி அழைக்கும்போது உமக்கு என்ன?’ நியாயமான கேள்வி. ஸெயின்ட் கிட்ஸில் முன்னூறு வருஷத்துக்கு மேல் நடந்த சர்க்கரைத் தொழிலை 2005இல் மூடினார்கள். மற்றத் தீவுகளின் வாழைப்பழத்துக்கு ஐரோப்பாவில் இருந்த சலுகைக்கு எதிராக அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் வழக்காடி, 1997இல் ஜெயித்தன. கரும்பும் போய், வாழையும் போனபின் விற்பதற்கு என்ன மிச்சம்? வெயில், மணல், பாஸ்போர்ட். அந்தப் பணத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். புயலில் விழுந்ததை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுப் பாத்திரத்தை விற்று அடுப்பு எரிக்கிற குடும்பத்தைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. பாத்திரத்தை வாங்கியவன், ‘நான் அல்லவா உங்கள் அடுப்பை எரிய வைத்தேன்’ என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த வியாபாரத்தில் கடைசியில் யார் கை சுட்டது? 2023 ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார், டொமினிக்காக்காரர்கள் இனி விசா இல்லாமல் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. பிரஜா உரிமையை விற்பதில் கண்ட குறைபாடுதான் காரணம் என்றும் சொல்லிவிட்டது. பணம் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கியவனுக்கு நஷ்டமில்லை. வேறு தீவில் இன்னொன்று வாங்கிக்கொள்வான். லண்டனில் வாழ்க்கைப்பட்ட அக்காவைப் பார்க்கப் போக வேண்டிய தங்கைதான், பிறந்ததிலிருந்து அந்தத் தீவைத் தவிர வேறெதற்கும் சொந்தமில்லாதவள், மனுவும் பணமும் எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

தீவுக்கு உள்ளே வருகிறவனுக்கு இத்தனை உபசாரம் என்றால், அங்கிருந்து வெளியே போனவர்களுக்கு என்ன உபசாரம் நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1950இல் ஒரே கப்பலில் இரண்டு இளைஞர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஒருவர் பார்படோஸில் பிறந்த ஜார்ஜ் லாமிங். மற்றவர் டிரினிடாட்டில் பிறந்த ஸாமுவேல் ஸெல்வன். அவர் தகப்பனார் சென்னையிலிருந்து போனவர். இருவரும் பின்னால் பெரிய நாவலாசிரியர்களானார்கள். ஸெல்வன் 1956இல் எழுதிய நாவல், லண்டனில் பிழைக்க வந்த தீவுக்காரர்களைப் பற்றியது. குளிரில் விறைத்துக்கொண்டு, வாடகை அறையில் நெருக்கியடித்துக்கொண்டு, வேலை தேடி அலைகிறவர்கள். பட்டியல் போட்டு, சாதகம் பார்த்துக் கிளம்பியவர்கள் அல்லர்.

இவர்களுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1948 ஜூன் 22ஆம் தேதி, ‘விண்ட்ரஷ்’ என்ற கப்பல் டில்பரித் துறையில் தீவுக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியது. யுத்தத்தில் இடிந்த தேசத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற உரிமையோடு அவர்கள் வந்தார்கள். பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள், வரி கட்டினார்கள். தாய் தகப்பனோடு குழந்தையாக வந்தவர்கள் அங்கேயே கிழவர்களும் ஆனார்கள். 2018இல் ஊர் சிரித்த பிறகுதான் வெளியே தெரிந்தது, அவர்களில் பலரைப் பார்த்து, ‘நீ இங்கே இருக்க உனக்கு என்ன அத்தாட்சி?’ என்று உள்நாட்டு இலாகா கேட்டுக்கொண்டிருந்த சங்கதி. சிலருக்கு வேலை போயிற்று. சிலருக்கு வைத்தியம் மறுக்கப்பட்டது. சிலரைப் பிடித்து, அரை நூற்றாண்டாகப் பார்க்காத தீவுக்கே கப்பலேற்றுகிற மாதிரி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தங்கியிருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் காகிதம் கொண்டுவா என்றார்கள். அவர்கள் வந்து இறங்கியதற்குச் சாட்சியாக இருந்த பழைய அட்டைகளை, இடம் போதவில்லை என்று, 2010இலேயே அந்த இலாகா அழித்துவிட்டிருந்தது.